பட்டம் வாங்கினால் போதுமா?

மகன் வெளிநாட்டில் இருந்து வருகிறான். டாக்டருக்குப் படித்துவிட்டு வருகிறான். வாசலில் கோலம் போட்டிருக்கிறது. அம்மா ஆரத்தி எடுக்கிறாள். தெருமுனையில் பையனின் படம் போட்ட தட்டி தொங்குகிறது. பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி வருகிறாள். கையை நீட்டுகிறாள்.

"தம்பி, ரெண்டு நாளா தலை சுத்துது. கொஞ்சம் பார்த்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பா" என்கிறாள்.

பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அப்பா தரையைப் பார்க்கிறார்.

ஏன்? பையனிடம் பட்டம் இருக்கிறது. ஆனால், வைத்தியம் செய்ய அனுமதி இல்லை!

பட்டம் வேறு, அனுமதி வேறு

ஒருவனுக்கு பஸ் ஓட்டத் தெரியும். அதனால் மட்டும் அவன் பஸ்ஸை ரோட்டில் எடுத்துவிட முடியுமா? முடியாது. லைசென்ஸ் வேண்டும். டாக்டர் தொழிலும் அப்படித்தான்.

ரஷ்யா, சீனா, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, கிர்கிஸ்தான் போன்ற நாடுகளில் டாக்டருக்குப் படித்தவர்கள், இந்தியாவில் ஒரு பரீட்சை எழுதவேண்டும். அதில் தேறவேண்டும். பிறகு ஓர் ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறவேண்டும். அதற்குப் பின்புதான் மருத்துவ கவுன்சிலில் நிரந்தரமாகப் பெயர் பதிவாகும். பெயர் பதிவானால்தான் அவர் டாக்டர்.

இந்தப் பரீட்சை 2002-ம் ஆண்டில் வந்தது. "எப்.எம்.ஜி.இ." என்று சொல்வார்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் பரீட்சை என்று பொருள்.

என்ன பரீட்சை?

ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கும். மொத்தம் 300 கேள்விகள். ஒரே நாளில் இரண்டு பகுதியாக எழுதவேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 150 கேள்விகள், 150 நிமிடம். அதாவது, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்!

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். 300-க்கு 150 மார்க் வாங்கினால் பாஸ்.

"பாதி மார்க்தானே! இது என்ன பிரமாதம்?" என்று கேட்கலாம்.

பிரமாதம்தான். எத்தனையோ தடவை, நூறு பேர் எழுதினால் முப்பது பேர்கூடத் தேறவில்லை. ஐந்து, ஆறு ஆண்டு படித்த பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள். இவர்கள் எல்லோரும் மக்குகளா? இல்லை.

ஏன் தோற்கிறார்கள்?

முதல் காரணம், மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால், கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ரஷ்ய மொழி பேசுவார். அல்லது, சீன மொழி பேசுவார். "எங்கே வலிக்கிறது? எப்போது இருந்து வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியாத மாணவன், நோயை எப்படிக் கற்றுக்கொள்வான்?

இரண்டாவது காரணம், ஊர். பனி பெய்யும் ஊரில் பாம்புக்கடி நோயாளியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நம் ஊர் வயல்களில் கட்டுவிரியன் இருக்கிறது. அது கடித்தால் வீக்கமும் வலியும் அதிகம் இராது. ஆனால், சிறிது நேரத்தில் கண் இமை சொருகும். பிறகு மூச்சே நின்றுவிடும். இதை நம் டாக்டர் தெரிந்திருக்க வேண்டாமா? உலகத்திலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா. டெங்கு காய்ச்சல் ஆண்டுதோறும் வருகிறது. குழந்தை பிறந்தவுடன் என்ன தடுப்பு மருந்து, ஒன்றரை மாதத்தில் என்ன தடுப்பு மருந்து என்று நம் நாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பரீட்சையில் இதெல்லாம் கேட்கிறார்கள்.

மூன்றாவது காரணம், காலம். 2020-ல் கொரோனா வந்தது. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டது. பிள்ளைகள் பாதியில் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். பல மாதம் கம்ப்யூட்டர் திரையில் பாடம் படித்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் வைத்தியம் வருமா?

பரீட்சை வேண்டாமா?

"இந்தப் பரீட்சையை எடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். பெற்ற வயிறு எரிகிறது. அது நமக்குப் புரிகிறது.

ஆனால், அந்தப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வரும். தூக்கிக்கொண்டு ஓடுவோம். அங்கே இருக்கும் டாக்டர், தெரிந்தவராக இருக்கவேண்டும் என்றுதானே விரும்புவோம்? பரீட்சை மாணவனுக்குப் பகை அல்ல. அது நோயாளிக்குக் காவல்.

2019-ம் ஆண்டு இயற்றிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், இங்கே படித்தவர்களுக்கும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் ஒரே பொதுப் பரீட்சை வேண்டும் என்று சொல்கிறது. அதுதான் நியாயம். எல்லோருக்கும் ஒரே தராசு!

எப்படிப் படிக்கவேண்டும்?

ஊருக்குத் திரும்பிய பிறகு ஆறு மாதம் கோச்சிங் வகுப்புக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 19 பாடங்களை ஆறு மாதத்தில் விழுங்க முடியாது.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தொடங்கவேண்டும். அன்றைய பாடத்தை இந்திய மாணவர்கள் படிக்கும் புத்தகத்திலும் அன்றைக்கே படிக்கவேண்டும். அந்த ஊர் மொழியை முதல் ஆண்டிலேயே பேசப் பழகவேண்டும். லீவில் ஊருக்கு வந்தால், கல்யாண வீடுகளுக்குப் போவதோடு, தெரிந்த டாக்டரிடமும் போகவேண்டும். அவர் அனுமதித்தால், பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

இன்னொன்று: இது "நீட்" போல ஓட்டப் பந்தயம் அல்ல. 150 மார்க் வாங்கிய எல்லோரும் பாஸ். பக்கத்தில் இருப்பவன் போட்டியாளன் இல்லை. ஆகவே, நான்கு பேர் சேர்ந்து படிக்கலாம். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லலாம். தப்பாகப் போட்ட விடைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, வாரம் ஒரு தடவை படிக்கலாம்.

குறுக்கு வழி கூடாது

பரீட்சையில் தேறாமலே சிலர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரவு நேரத்தில், வேறு டாக்டரின் பெயரில் மருந்து எழுதுகிறார்கள். கடன் நெருக்குகிறது, வேறு வழி இல்லை என்கிறார்கள்.

அது குற்றம். பெயர் பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஓர் உயிர் போய்விட்டால், அந்தப் பாரம் ஆயுள் முழுதும் நெஞ்சில் இருக்கும்.

பெற்றோர்களே!

அனுப்பும் முன் கேளுங்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து அனுப்புகிறீர்கள். ஏஜெண்ட் காட்டும் கட்டடப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். "உங்கள் கல்லூரியில் படித்தவர்களில் எத்தனை பேர் இந்தியப் பரீட்சையில் தேறினார்கள்?" என்று கேளுங்கள்.

2021 நவம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதி கடுமையாகிவிட்டது. படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது. ஆங்கிலத்தில் நடக்கவேண்டும். படித்த இடத்திலேயே 12 மாதம் பயிற்சி பெறவேண்டும். பட்டம் கொடுத்த நாட்டில் டாக்டராகத் தொழில் செய்யவும் அந்தப் பட்டம் தகுதி உள்ளதாக இருக்கவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பணமும் காலமும் பாழ்.

பிள்ளை தோற்றுவிட்டால் ஒளித்து வைக்காதீர்கள். "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து பல பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. கல்யாண வீட்டுக்குக்கூட வருவதில்லை. இது கொடுமை. ஆறு மாதத்தில் மறுபடியும் எழுதலாம். "இந்தத் தடவை போனால் போகட்டும், சாப்பிட்டுவிட்டுப் படி" என்று அம்மா சொல்லும் ஒரு வார்த்தை, பெரிய பலம்.

அரசாங்கமும் ஒன்று செய்யவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில், இந்தப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். நோயாளிகளின் பக்கத்தில் நின்று பார்க்க வகை செய்யலாம். நம் வீட்டுப் பணத்தில் படித்த பிள்ளைகள் நம் ஊருக்கே பயன்பட வேண்டாமா?

பாட்டி இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பையன் வெட்கப்பட வேண்டியதில்லை. "பாட்டி, எனக்கு இன்னும் ஒரு பரீட்சை இருக்கு. அதுவரைக்கும் நான் பார்க்கக்கூடாது. வாங்க, அரசு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போறேன்" என்று சொல்லட்டும்.

டாக்டருக்கு வேண்டிய முதல் குணம் உண்மை. அது அவனிடம் இருக்கிறது. மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.