எத்தனை கிலோ குறைந்தது?



உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சகோதர சகோதரிகள் இன்று நம் சபைகளில் இருக்கிறார்கள். சிலர் அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சிலர் பித்தப்பைக் கல் என்றோ குடலிறக்கம் என்றோ சொல்லி மறைத்துக்கொள்கிறார்கள். அவர்களை மறைக்கச் செய்வது நாம்தான் என்பது என் கருத்து. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதே, “எத்தனை கிலோ குறைந்தது?” என்று கேட்கிறோம். பதில் நாம் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தால், “அவ்வளவுதானா?” என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி ஒருவர் அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடக்கூடும்.

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது என்பதை அறிந்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டோம். ‘ஸ்லீவ்’ என்னும் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் அகற்றப்படுகிறது. இரைப்பை பைபாஸில் ஒரு சிறு பையளவு இரைப்பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். பசி குறைகிறது, சிறிது உண்டாலே வயிறு நிறைகிறது. ஆயினும் எடை ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் சில வாரங்களில் வேகமாகக் குறைந்தபின், பலருக்கு மூன்றாம் வாரத்தையொட்டி முள் அசையாமல் நின்றுவிடும். உடல் சேமித்து வைத்திருந்த சர்க்கரையும் அதனோடு சேர்ந்த நீரும் முதலில் வெளியேறியதாலேயே அந்த ஆரம்ப வேகம். அதன்பின் இறக்கம் மெதுவாகிறது. மிகக் குறைந்த எடையை எட்டப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சுவீடன் தேசத்தில் 1987-ஆம் ஆண்டு தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டவர்களை நெடுங்காலம் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அதன் முடிவுகள் 2007-இல் வெளியாயின. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. அதாவது, 100 கிலோ இருந்த ஒருவர் 68 கிலோவுக்கு வந்து, பின்னர் 75 கிலோவில் நிற்பது போன்றது. கொஞ்சம் திரும்பி வந்தது உண்மை. ஆனாலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே, செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் மரணங்கள் குறைவாயிருந்தன. இவையெல்லாம் சராசரிகள் என்பதையும் மறக்கலாகாது. சராசரிக்குக் கீழே நிற்பவர் தோற்றுப்போனவர் அல்லர்.

ஒருவருக்கு மெதுவாகக் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. வயது ஒன்று, நீண்டநாள் சர்க்கரை நோய் ஒன்று. இன்சுலின், ஸ்டீராய்டு, மனநலத்திற்கான சில மருந்துகள் ஆகியவை எடையைப் பிடித்து வைக்கும். தைராய்டு குறைபாடும் அப்படியே. எடை குறையக் குறைய உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. ஆகையால் ஒரே நாளில், ஒரே மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இருவரைக்கூட ஒப்பிடுவது நியாயமன்று. இதில் மனவுறுதியையோ விசுவாசத்தையோ அளக்க யாருக்கும் அளவுகோல் கொடுக்கப்படவில்லை.

இங்கே சபையாக நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, உபவாசம். எடை குறையவில்லை என்று வருந்துகிறவரிடம், “சில நாள் உபவாசமிருந்து பாருங்கள், ஆத்துமாவுக்கும் நல்லது, சரீரத்துக்கும் நல்லது” என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லாதிருங்கள். இச்சிகிச்சை பெற்றவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் அளவில் புரதம் தேவை என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தண்ணீரும் சத்தும் இல்லாத நாட்கள் நீண்டால் தையமின் என்னும் வைட்டமின் குறைந்து நரம்புகளும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். உபவாசம் தேவசமுகத்தில் நம்மைத் தாழ்த்துவதற்கானது, எடைக்கருவியைத் திருப்திப்படுத்துவதற்கானதல்ல. மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் அதில் இறங்கக்கூடாது. உபவாசக் கூட்டத்திற்கு வந்து, வேளைக்கு உண்டு, நம்மோடு ஜெபிப்பவரை யாரும் குறைவாக எண்ணவும் கூடாது.

இரண்டாவது, அன்பின் விருந்து. நம் பந்தியில் சோறுதான் முதலில் விழும். குழம்பும் மீனும் அதற்குத் துணை. அவர்களுக்கோ வரிசை தலைகீழ்: முதலில் மீன், முட்டை, பருப்பு, தயிர்; இடமிருந்தால் மட்டுமே சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் தவிர்த்து, அரைமணி நேரம் கழித்தே பருகுகிறார்கள். நான்கு கரண்டியில் எழுந்துவிடுகிறவரை, “பிரியாணியை வீணாக்கலாமா?” என்று நிறுத்தாதீர்கள். ஊட்டி மகிழ்வது நம் வழக்கம். போதும் என்றவரை விடுவதும் அன்புதான். மாறாக, முறுக்கும் மிக்சரும் இனிப்புப் பானமும் அந்தச் சிறிய இரைப்பையில் தங்காமல் எளிதாய் வழுக்கி இறங்கும்; எடை நிற்பதற்கு அவையும் ஒரு காரணமாகலாம். ஆகவே கூட்டத்தின் தட்டில் சுண்டலும் இருக்கட்டும்.

இனி, இந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் மூன்று முறை எடைக்கருவியில் ஏறாதீர்கள். வாரம் ஒருமுறை போதும். இடுப்பின் அளவையும் குறித்துவையுங்கள். முள் நின்ற வாரத்திலும் சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம். மூச்சு வாங்காமல் படியேறியிருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் முழங்காற்படியிட்டு எழுந்திருக்கலாம். இவையும் கணக்கில் சேர வேண்டியவை. எடை குறையவில்லையே என்ற வெட்கத்தால் மருத்துவரின் மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். குறையாதபோதுதான் போவது மிகவும் அவசியம். மருந்தை மாற்றலாமா, உணவில் என்ன திருத்தலாம் என்று அவர்கள் பார்ப்பார்கள். வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்வது அவிசுவாசமல்ல.

வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்கு வேண்டிய அளவே கிடைத்தது. நாளைக்கென்று சேர்த்தது கெட்டுப்போனது. சிறிய தட்டோடு வாழப் பழகுகிறவர்களுக்கு அந்தப் பாடம் நம்மைவிட நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன். இன்றைய பங்கு இன்றைக்கு. இந்த வாரத்தின் நடை இந்த வாரத்திற்கு.

வரும் ஞாயிறு அவர்களை வாசலில் கண்டால், கிலோக் கணக்கைக் கேட்காதிருப்போம். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்போம்.