ப்ளே ஸ்கூல் ஃபீஸுக்கு உண்டு... க்ரெச் ஃபீஸுக்கு இல்லை! - வரிச் சலுகையில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

"மாசா மாசம் க்ரெச்சுக்கு இவ்வளவு கட்டுறோமே, அதை இன்கம் டாக்ஸ்ல கழிச்சுக்க முடியாதா?" வேலைக்குப் போகும் அம்மாக்கள் கூடும் இடமெல்லாம் கேட்கும் கேள்வி இது. 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 2025 செப்டம்பர் 16 வரை அவகாசம் இருந்தது. இந்த விஷயத்தைத் தெளிவாகப் பார்த்துவிடலாம்.

நேரடியான பதில், முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள க்ரெச், டே கேர், ஆயாம்மா என்று செலவழிக்கும் பணத்துக்கு நம் வருமான வரிச் சட்டத்தில் தனிச் சலுகை எதுவும் இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு, குழந்தைப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ளும் வசதி உண்டு. இங்கே இருப்பது படிப்புச் செலவுக்கான சலுகை மட்டும்தான். அதுவும் வரியில் கழிவதில்லை, வருமானத்தில்தான் கழியும்.

இந்த வித்தியாசம் முக்கியம். பழைய வரி முறையில் 20% வரி அடுக்கில் இருக்கும் ஒருவர் 60,000 ரூபாய் பள்ளிக் கட்டணம் காட்டினால், மிச்சமாவது 60,000 அல்ல. 20% வரி 12,000, அதன் மேல் 4% செஸ் 480. ஆக மொத்தம் 12,480 ரூபாய்தான்.

எதற்கு உண்டு, எதற்கு இல்லை?

2024-25 நிதியாண்டுக்குப் பொருந்தும் 80சி பிரிவின் கீழ், இரண்டு குழந்தைகளின் முழுநேரப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தைக் காட்டலாம். பலருக்குத் தெரியாத விஷயம், ப்ளே ஸ்கூல், ப்ரீ நர்சரி, நர்சரி வகுப்புகளும் இதில் அடங்கும். 'ஒண்ணாம் வகுப்பிலிருந்துதான்' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பள்ளியோ கல்லூரியோ இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நன்கொடை, டெவலப்மென்ட் ஃபீஸ், வேன் கட்டணம், சாப்பாடு, யூனிஃபார்ம், புத்தகம் ஆகியவை சேராது. டியூஷன் சென்டர், பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸும் கிடையாது. ப்ளே ஸ்கூலும் டே கேரும் ஒரே இடத்தில் நடந்தால், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாக ரசீது வாங்காதீர்கள். கல்விக் கட்டணம் எவ்வளவு என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள்.

80சி-யின் மொத்த உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய். பி.எஃப்., எல்.ஐ.சி. பிரீமியம், வீட்டுக் கடனின் அசல் எல்லாம் இதே பைக்குள்தான். பி.எஃப். பிடித்தமே ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிட்டால், பள்ளிக் கட்டணத்தைக் காட்டிப் பயனில்லை.

யார் காட்டலாம்?

பணத்தைக் கட்டிய அப்பாவோ அம்மாவோ காட்டலாம். இரண்டு குழந்தை என்ற கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இருவரும் சம்பாதித்தால், மூத்தவளின் கட்டணத்தை ஒருவரும் இளையவனின் கட்டணத்தை இன்னொருவரும் கட்டிப் பிரித்துக்கொள்ளலாம். யாருடைய 80சி-யில் இடம் மிச்சமிருக்கிறதோ, அவர் கணக்கிலிருந்து கட்டுவது புத்திசாலித்தனம். ஒரே தொகையை இருவரும் காட்டக் கூடாது. தத்தெடுத்த குழந்தைக்கும் சலுகை உண்டு. பேரனுக்குத் தாத்தா கட்டினால் தாத்தாவுக்குக் கிடையாது.

இது தவிர, 2024-25 நிதியாண்டில் சம்பளத்தில் 'குழந்தைகள் கல்விப் படி' வாங்கியவர்களுக்கு ஒரு குழந்தைக்கு மாதம் 100 ரூபாய், இரண்டு குழந்தைகள் வரை வரி விலக்கு இருந்தது. ஆமாம், நூறு ரூபாய்தான்!

பழசா, புதுசா?

இவை எல்லாமே பழைய வரி முறையில் மட்டும்தான். இப்போது நீங்களாக எதையும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைக்குத்தான் போவீர்கள். அதில் 80சி கிடையாது.

அதற்காகப் பள்ளி ரசீதை நம்பி அவசரப்பட்டுப் பழைய முறைக்குத் தாவவும் வேண்டாம். 2024-25-ல் ஆண்டுச் சம்பளம் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி 1.5 லட்சம் இரண்டும் போக 7 லட்சத்துக்கு வரி 54,600 ரூபாய். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டுமே. ஆனாலும் வரி 33,800 ரூபாய்தான். 80சி-யை முழுதாகப் பயன்படுத்தியும் பழைய முறையில் 20,800 ரூபாய் நஷ்டம்!

அதே நபருக்கு வீட்டு வாடகைப் படியில் 1.5 லட்சம் விலக்கு கிடைத்தால், பழைய முறையில் வரி 23,400 ஆகக் குறைந்து, அதுவே லாபமாகிவிடும். ஆக, வாடகை, வீட்டுக் கடன் வட்டி எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் புதிய முறைப்படி வரி பிடித்திருந்தாலும், கணக்குத் தாக்கலின்போது பழையதைத் தேர்வு செய்யலாம். கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த வாய்ப்பு. தாமதமானால் புதிய முறை மட்டுமே.

2025-26 நிதியாண்டில், சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் 12.75 லட்சம் வரை புதிய முறையில் வரியே இல்லை. அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் அந்த ஆண்டுக்குப் பள்ளி ரசீதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

இல்லாத ரசீது வேண்டாம்

'ரீஃபண்ட் வாங்கித் தர்றேன்' என்று சொல்லி, கட்டாத கட்டணத்தைக் காட்டும் ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கை. பொய்யான சலுகைகளைக் கோருபவர்கள்மீது வருமான வரித் துறை 2025 ஜூலையில் நாடு முழுவதும் சோதனை நடத்தியது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், அதற்குரிய வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம். கையெழுத்து உங்களுடையது என்பதால் மாட்டுவதும் நீங்கள்தான்.

அப்போ க்ரெச் செலவுக்கு?

வரிச் சட்டம் கைவிட்ட இடத்தில் தொழிலாளர் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் விதித்தபடி, 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் க்ரெச் வசதி செய்து தர வேண்டும். அம்மா தினமும் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும். பெண்கள் வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்து மூலமாகவும் மின்னணு வழியிலும் தெரிவிப்பதையும் அந்தத் திருத்தம் நிறுவனத்தின் கடமையாக்கியது.

வரியில் மிச்சமாகும் சில ஆயிரங்களைவிட இது பெரிய உதவி. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் முன், "நம்ம ஆபீஸ்ல க்ரெச் ஏற்பாடு என்ன?" என்று ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, சட்டப்படியான உரிமை.