கோல் கணக்கை விடுங்கள், ஆள் எங்கே நிற்கிறார் எண்டு பாருங்கள்

2024-25 பருவத்தில் கிலியன் எம்பாப்பே லாலிகாவில் 31 கோல்கள் அடித்தார். ஐரோப்பியத் தங்கக் காலணி அவருக்கே. அதே பருவத்தில் ரியல் மட்ரிட்டுக்கு லாலிகா இல்லை, கோப்பா டெல் ரே இல்லை, சம்பியன்ஸ் லீக் இல்லை. பார்சிலோனாவோடு மோதிய நான்கு ஆட்டத்திலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் எம்பாப்பே ஹாட்ரிக் அடித்தும் 4-3 என்று தோற்றார்கள்.

அவர் விட்டுப்போன பாரிஸ் அணி, பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கிண்ணம், சம்பியன்ஸ் லீக் மூன்றையும் தூக்கியது. இறுதிப்போட்டியில் இன்டர் மிலானுக்கு 5-0.

இதைச் சொன்னால் உடனே "31 கோல் அடிச்சவன் என்ன பிழை விட்டவன்?" எண்டு சண்டைக்கு வருகிறார்கள். கோல் அடித்தது பிழையில்லை. அவர் நிற்கும் இடத்துக்காக மற்றப் பத்துப் பேரும் கொடுத்த விலையை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதுதான் பிழை.

எம்பாப்பேக்குப் பிடித்தது இடது பக்கம். அங்கே ஏற்கனவே வினிசியஸ். அன்செலோட்டி எம்பாப்பேயை நடுவில் விட்டார். அவரோ திரும்பத் திரும்ப இடதுபக்கமே சாய்ந்தார். ஒரே பக்கத்தில் இரண்டு பேர், பெட்டிக்குள் ஆளில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. பின்னாலிருந்து அதற்குள் ஓடிவந்துதான் பெலிங்ஹாம் லாலிகாவில் 19 கோல் அடித்தார். அந்த அணி லாலிகாவையும் சம்பியன்ஸ் லீக்கையும் வென்றது. எம்பாப்பே வந்ததும் அந்த ஓட்டத்துக்கான இடம் சுருங்கியது, பெலிங்ஹாமின் கோல்களும் சரிந்தன.

பந்து பறிபோன பிறகு நடப்பது இதைவிட மோசம். முன்னுக்கு இரண்டு பேர் நடந்து திரிந்தால், எதிரணிப் பின்கள வீரர் தலையை நிமிர்த்தி, ஆறுதலாகப் பார்த்துப் பந்தைக் கொடுப்பார். அந்த இரண்டு பேரின் ஓட்டத்தையும் மத்தியகளத்தில் நிற்பவர்கள்தான் சேர்த்து ஓட வேண்டும். காலிறுதியில் ஆர்சனலிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-1 என்று தோற்றது சும்மா இல்லை.

குரூஸ் ஓய்வு பெற்றார், கர்வஹாலும் மிலிட்டாவோவும் காயப்பட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். பின்னுக்கு ஏன் ஓட்டை விழுந்தது என்பதற்கு அது பதில். முன்னுக்கு ஏன் ஒருவரும் துரத்தவில்லை என்பதற்கு அது பதிலில்லை.

பாரிஸில் பயிற்றுவிப்பாளர் லூயிஸ் என்ரிக்கே, எம்பாப்பே இருந்த காலத்திலேயே மைக்கேல் ஜோர்டானை உதாரணம் காட்டி, தடுப்பதிலும் நீ முன்னுக்கு நிற்க வேண்டும் என்று அவரிடம் சொன்னது ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. எம்பாப்பே போன பிறகு டெம்பெலேயை வலது பக்கத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். இறுதிப்போட்டியில் டெம்பெலே ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனால் இன்டர் கோல்காப்பாளர் சொமர் பந்தை உதைக்கத் தயாராகும்போதெல்லாம் பெட்டியின் விளிம்பில் குனிந்து நின்று, பாயக் காத்திருந்தார். 2025 பலோன் டி'ஓர் விருது அவருக்குப் போனது.

"அப்ப மெஸ்ஸி? 2022 உலகக் கிண்ணத்தில் நடந்து திரிஞ்சவர்தானே?" நல்ல கேள்வி. மெஸ்ஸி நடப்பதற்கான விலையை ஸ்கலோனி முதலே கணக்குப் பார்த்திருந்தார். முன்னுக்கு அல்வாரெஸ், பின்னுக்கு டி பால், மக் அலிஸ்டர், என்சோ. நான்கு பேரும் அவருக்காக ஓடினார்கள். நடப்பது ஒருவர் மட்டும்தான். மெஸ்ஸியின் இடமும் கடவுள் கொடுத்ததில்லை. 2009 மே 2ஆம் திகதி பெர்னபேயுவில் குவார்டியோலா அவரை வலது பக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றி, எட்டோவை வலப்பக்கம் அனுப்பினார். மெஸ்ஸி கீழே இறங்கியபோது, பின்னால் போவதா நிற்பதா எண்டு தெரியாமல் கனவாரோவும் மெட்செல்டரும் திண்டாடினார்கள். முடிவு 2-6. நட்சத்திரத்தை நகர்த்தலாம், நகர்த்த வேண்டும்.

கோல் எண்ணிக்கையை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டு வாதாடுவது, பத்துப் பேரின் உழைப்பை ஒருவரின் பெயரில் எழுதுகிற வேலை. கலைப்பீடத்தில் உழைப்பு, சுரண்டல் எண்டு பக்கம் பக்கமாக எழுதுகிற நாங்கள், மட்ச் தொடங்கியதும் அதை மறந்துபோகிறம்.

அடுத்த முறை நள்ளிரவு 12.30க்கு முழித்திருந்து பார்க்கும்போது ஒன்று செய்வோம். அணி பந்தை இழந்ததும் பந்தைப் பார்க்க வேண்டாம். பத்து செக்கன் நட்சத்திரத்தைப் பார்ப்போம். பிறகு, அவருக்காக ஓடுவது யார் எண்டு பார்ப்போம். வாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.