குறிப்புத்தாள் இல்லாத மேசை



மின்சாரம் தடைப்பட்ட இரவில், தண்ணீர் குடிக்க எழுந்து, இருட்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டையின்மேல் வெறுங்காலை வைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? சிறு பிள்ளைகள் இருக்கும் வீடானால் நிச்சயம் இருக்கும். முனீர்காவிலும் மயூர் விஹாரிலும் நம்மில் பலர் வாழும் அறைகள் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். கட்டில், பீரோ, காஸ் அடுப்பு, ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டை எல்லாம் போக, பிள்ளைக்கென்று மீதியிருப்பது நடுத்தரை மட்டுமே. அந்தத் தரையில் அவன் எதையாவது கட்டுவான். நாம் அதைத் தாண்டித் தாண்டி நடப்போம். ஒரு நாள் பொறுமை இழந்து அள்ளிவிடுவோம்.

நானும் அள்ளினேன். மறுநாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். இருபது பேர் அமர இடம் வேண்டும். என் மகன் ஆறு நாட்களாக ஒரு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தான். யமுனையைக் கடக்கும் மெட்ரோ ரயிலாம் அது. தூண்களுக்கிடையே தண்டவாளம் தொய்யாமல் நிற்பதற்கு அவன் மூன்று முறை பிரித்துக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் துடைப்பத்தை எடுத்தேன்; எல்லாம் ஒரு வாளிக்குள் போயிற்று. பள்ளியிலிருந்து வந்தவன் வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதங்கள் அந்த வாளியை அவன் தொடவே இல்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அதன்பிறகுதான் இந்தக் கட்டைகளைக் கொண்டு உலகில் யார் யார் என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதில் முதலாவதாக என்னை நிறுத்திய செய்தி தூர தேசத்தினுடையது அன்று, நம் தில்லியினுடையது.

2016 நவம்பர் 25 முதல் 27 வரை, தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உலக ரோபோ ஒலிம்பியாட் என்னும் மாணவர் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டில் நடந்துவந்த போட்டி அது. பல நாடுகளிலிருந்து வந்த சிறுவர் சிறுமியர், லெகோ கட்டைகளாலும் அவற்றோடு இணையும் சிறு மோட்டார்களாலும் உணரிகளாலும் இயந்திரங்களைக் கட்டிப் போட்டியிட்டனர். ஒவ்வொரு இயந்திரமும் புறப்படும்போது நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அவ்வாண்டுப் போட்டியின் பொருள் குப்பை. அதைக் குறைப்பதும், பிரிப்பதும், மீண்டும் பயன்படுத்துவதும். காசிப்பூர் குப்பை மலையைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களுக்கு, இந்த நகருக்கு அது எவ்வளவு பொருத்தமான தலைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அம்மலையின் ஒரு பகுதி சரிந்து விழுந்ததில் இருவர் உயிரிழந்தனர்.

என் மனதைத் தொட்டது அப்போட்டியின் ஒரு விதி. வீட்டில் கட்டி முடித்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அன்று வர முடியாதிருந்தது. எல்லாக் கட்டைகளும் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டியிருந்தது. போட்டி தொடங்கியபின் அங்கேயே, அந்த மேசையிலேயே கட்ட வேண்டியிருந்தது. எப்படிக் கட்டுவது என்ற குறிப்புத்தாளோ படமோ கையில் இருக்கக் கூடாதென்றிருந்தது. பயிற்சியாளர் அருகில் வரலாகாது. அது மட்டுமா? அன்று காலையில் ஒரு புதிய நிபந்தனையையும் அறிவிப்பார்கள். பல மாதங்கள் பழகியவற்றில் ஏதேனும் ஒன்றை அந்த நேரத்தில் மாற்றி யோசித்தாக வேண்டும்.

சற்றே எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பனும் ஆசிரியரும் தடுப்புக்கு அப்பால் நிற்கிறார்கள். பிள்ளையின் முன்னால் ஒரு குவியல் கட்டைகள். அவன் எத்தனை முறை பிரித்துக் கட்டியிருக்கிறானோ அத்தனையும் விரல்களின் நினைவில் இருக்கும். ஒருமுறை மட்டும் கட்டி அலமாரியில் அழகுக்கு வைத்தவனுக்கு அந்த மேசையில் வேலையில்லை. என் மகன் தண்டவாளத்தை மூன்று முறை பிரித்துக் கட்டியது எனக்கு அப்போது நேரத்தை வீணாக்குவதாகத் தெரிந்தது.

இந்தக் கட்டையின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் இருந்தார், பக்தியுள்ள கிறிஸ்தவர். வேலை குறைந்துபோன பஞ்ச காலத்தில், 1932-இல், மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய மகன் காட்ஃப்ரெட் ஒருமுறை மரவாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சோடு நிறுத்தி, ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து, செலவை மிச்சப்படுத்தியதாகப் பெருமையோடு சொன்னாராம். தகப்பன் பாராட்டவில்லை. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சையும் தனி ஆளாக அடித்து, மீண்டும் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னார். 1942-இல் பட்டறை தீக்கிரையானது, மறுபடியும் கட்டினார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவை நன்றாகப் பிடித்து நிற்கவில்லை. மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களுமாக இன்று நாம் காணும் வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஓலே கிர்க் காலமானார். அன்று வார்த்த கட்டையும் இன்று வார்க்கும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மூன்றாம் பூச்சின் பலன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை எத்தனை விதமாக இணைக்கலாம்? 24 விதமாக. மூன்றை 1,060 விதமாக. ஆறு கட்டைகளானால்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எண்ணிக் கண்ட விடை 91,51,03,765. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் படம் இத்தனை கோடியில் ஒன்றுதான். ஆனால் நாம் பிள்ளையிடம், “படத்தில் உள்ளபடி செய்தாயா?” என்றுதான் கேட்கிறோம்.

படத்தை விட்டு விலகிய ஒரு பையனைப் பற்றிக் கேளுங்கள். சுபம் பானர்ஜி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா நகரில் வளர்ந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளை. பார்வையற்றோருக்காக நன்கொடை கேட்டு வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்துவிட்டு, “பார்வை இல்லாதவர்கள் எப்படி வாசிப்பார்கள்?” என்று பெற்றோரைக் கேட்டான். நீயே தேடிப் பார் என்றார்கள். தேடினான். விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தைக் காகிதத்தில் பதிக்கும் இயந்திரத்தின் விலை 2,000 டாலருக்கும் மேல் என்று கண்டு திகைத்தான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்னும் 349 டாலர் பெட்டியைக் கொண்டு அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தைத் தானே கட்டினான். இரண்டாயிரம் டாலர் அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேல். அவன் பெட்டியோ இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டினான். கட்டியதைப் பிரித்து மறுபடி கட்டினான். மோட்டார் காகிதச் சுருளை நகர்த்தும். ஒரு முள் இறங்கிப் புள்ளியைக் குத்தும். ஆறு புள்ளிகளுக்குள் ஓர் எழுத்து. ஓர் எழுத்துக்குப் பல விநாடிகள் ஆயின. மெதுவான இயந்திரம்தான், ஆனால் வேலை செய்தது. பிரெயில், லெகோ என்ற இரு பெயர்களையும் சேர்த்து ‘பிரெய்கோ’ என்று பெயரிட்டான். அதைக் கட்டும் முறையையும் மென்பொருளையும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டான். எனக்கு இந்தச் செயல் இயந்திரத்தைவிடப் பெரியதாகத் தெரிகிறது. அதே ஆண்டில், அவன் தகப்பனார் பணிபுரிந்த இன்டெல் நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு அவன் முயற்சிக்குப் பணம் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட தகப்பனும் அப்படிப்பட்ட நகரமும் வாய்ப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி பிறந்தது பணத்தினால் அன்று.

ஐரோப்பாவில் அண்டோரா என்னும் மிகச் சிறிய நாட்டில் டேவிட் அகிலார் வலது முன்கை இல்லாமல் பிறந்தார். ஒன்பது வயதில் லெகோ கட்டைகளால் தனக்கு ஒரு கை செய்ய முயன்றார், உறுதியாக அமையவில்லை. 2017-இல், தமது பதினெட்டாம் வயதில், ஒரு ஹெலிகாப்டர் பெட்டியில் இருந்த துண்டுகளைக் கொண்டு மடங்கி நிமிரும் கையைக் கட்டினார். லெகோவால் ஆன முதல் செயல்படும் செயற்கைக் கை என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது. முதல் முயற்சிக்கும் இதற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டும் யாரும் அவருடைய கட்டைகளை வாளிக்குள் அள்ளவில்லை போலும்.

பெரிதாகக் கட்டினால் மட்டும் போதுமா என்றால், அதற்கும் உதாரணம் உண்டு. 2009-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஜேம்ஸ் மே என்ற தொலைக்காட்சியாளர், 33 லட்சம் கட்டைகளால் இரண்டு மாடி வீடே கட்டினார். நூற்றுக்கணக்கானோர் வந்து உதவினார்கள். அதை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாததால் அதே ஆண்டில் பிரித்துப்போட்டார்கள். அதே இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில், பழமைவாய்ந்த பேராலயத்தின் மாதிரியை 2013 முதல் 2016 வரை மூன்று லட்சம் கட்டைகளால் எழுப்பினார்கள். வந்தவர்கள் ஒரு கட்டைக்கு ஒரு பவுண்டு காணிக்கை கொடுத்துத் தாங்களே வைத்தார்கள். அந்தப் பணம் பேராலயத்தின் பழம்பொருட் காட்சிக்கூடப் பணிக்குச் சென்றது. சபைக் கட்டிடத்துக்குச் செங்கல் ஒன்றுக்கு இவ்வளவு என்று காணிக்கை எடுத்துப் பழகிய நமக்கு இதில் புதுமை இல்லை. பிள்ளையின் கையால் வைக்கச் சொன்னார்களே, அதுதான் நாம் செய்யாதது. ஆசரிப்புக் கூடாரத்தின் சித்திர வேலைக்கு அழைக்கப்பட்ட பெசலெயேலைக் குறித்துப் பிரசங்கம் கேட்கும்போது ஆமென் சொல்கிறோம். வீட்டுக்கு வந்ததும், “அதை எடுத்து வைத்துவிட்டுப் படி” என்கிறோம்.

“லெகோ வாங்க நாங்கள் எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2025-இல் குருகிராமில் அந்நிறுவனத்தின் பெயரில் பெரிய கடையே திறந்தார்கள். விலைச்சீட்டைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் உயர்ந்தது. அந்தப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. சதர் பஜாரில் இங்கேயே செய்த கட்டைகள் கிடைக்கும். ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சிறிய துண்டுகள் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

அதற்கும் கையில் காசில்லையா? கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், கனசதுரம், வீடு, பாலம் என்று கட்டும் முறையைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரு முனையிலும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. நான்கு குச்சிச் சதுரம் கைப்பட்டதும் சாயும், மூன்று குச்சி முக்கோணம் சாயாது. பாலங்களின் இரும்புச் சட்டத்தில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதை உங்கள் பிள்ளை விரலாலேயே அறிந்துகொள்வான். ஜண்டேவாலான் சைக்கிள் சந்தைக்குப் போகும் யாரிடமாவது ஒரு சுருள் டியூப் வாங்கிவரச் சொல்லுங்கள். குச்சியின் மருந்து முனையை மறக்காமல் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

இடப் பிரச்சினைக்கு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். தச்சுக் கடையில் மீந்து கிடந்த பிளைவுட் பலகை ஒன்றை வாங்கி, நான்கு மூலையிலும் பழைய துணியை ஒட்டினாள். கட்டுவதையெல்லாம் அதன்மேல் கட்ட வேண்டும். ஆட்கள் வரும்போது அலுங்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கட்டிலின் உயரம் பதினான்கு அங்குலம் என்பதால் கட்டிடங்கள் அதற்குமேல் வளரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

வாளியை நானே எடுத்துவந்து பலகையருகில் வைத்தேன். “பாலத்தை நான் பிரித்திருக்கக் கூடாது” என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “அது எப்படியும் நடுவில் தொய்ந்துகொண்டுதான் இருந்தது, அப்பா” என்று சொல்லிவிட்டு, தூண்களைத் தேடத் தொடங்கினான். போன ஜெபக்கூட்டத்தின்போது நாங்கள் பாடிக்கொண்டிருக்கையில் கட்டிலுக்கடியில் இரண்டு தூண்கள் நின்றன.