ஊற்றின் கணக்கு

கிணற்றில் ஊற்றுக் கண்டதும் வெட்டுகிறவர் தேங்காய் உடைப்பார்; கடன் கொடுத்தவரோ கணக்குப் புஸ்தகத்தைத் திறப்பார். அந்த ஊற்று எவ்வளவு இறைப்புக்குத் தாங்கும் என்று சொல்ல வேண்டியது யார்? கிணறேதான். கேட்கத் தெரிந்து கேட்டால் சொல்லிவிடும்.

கேட்கும் முறை இது: ஒரு கிணற்றில் ஒரே சீராக ஜலம் இறைத்துக்கொண்டே, சற்றுத் தூரத்திலுள்ள மற்றொரு கிணற்றில் மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறதென்று அளந்து வர வேண்டும். ஜெர்மானியரான தீம் என்பவர் 1906-ல் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். மட்டம் இறங்கி ஓரிடத்தில் நிலைத்துவிடும் என்பது அதன் ஆதாரம். பூமிதேவி அவ்வளவு சீக்கிரத்தில் நிலைத்து நிற்கிறவளா என்ன?

அமெரிக்கப் பூகர்ப்ப சாஸ்திரியான சார்லஸ் தைஸுக்கு ஒரு யோசனை உதித்தது. இரும்புத் தகட்டில் உஷ்ணம் பரவுவது போலத்தானே மணலுக்குள் ஜலமும் நகர்கிறது? கணக்குத்தான் பிடிபடவில்லை. கணித நிபுணரான தம் பழைய நண்பர் லூபினுக்கு எழுதிக் கேட்டார், விடை வந்தது. கட்டுரை 1935-ல் வெளியாயிற்று. கணித ரீதியில் இது பெரிய காரியமல்லவென்று சொல்லி, அதில் தம் பெயர் வேண்டாமென்று மறுத்துவிட்டார் நண்பர். இப்படிப்பட்ட மனிதர்களும் உண்டு!

காலத்தையும் கணக்கில் சேர்த்த அந்தச் சூத்திரத்திலிருந்து இரண்டு அளவுகள் கிடைக்கும். பூமியின் அடுக்கு ஜலத்தை எவ்வளவு தாராளமாகக் கடத்துகிறது என்பது ஒன்று. மட்டம் ஓர் அடி இறங்கினால் எவ்வளவு ஜலத்தை விட்டுக் கொடுக்கிறது என்பது மற்றொன்று. 1946-ல் கூப்பரும் ஜேக்கபும் இந்த வேலையைக் காகிதத்தில் ஒரு நேர்கோடு இழுக்கும் அளவுக்குச் சுலபமாக்கினார்கள்.

ஆனால் தைஸ் நினைத்தது ஊசி போன்ற மெல்லிய கிணறு. நம் பக்கத்துப் பாறைக் கிணறுகளோ அகலமானவை. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் 8,900 லிட்டர் நிற்கும். மோட்டார் முதலில் வாரிக் கொட்டுவது பெரும்பாலும் இந்தக் கையிருப்பைத்தான். அதைப் பாறை கொடுத்ததென்று நம்பிப் பெரிய மோட்டார் வாங்கியவர்கள், மாசி பிறந்ததும் பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். இந்தக் கையிருப்பையும் கணக்கில் சேர்க்கும் முறையைப் பாபடோபுலோஸும் கூப்பரும் 1967-ல் வகுத்தார்கள்.

சூத்திரம் தெரியாதவர்களுக்கும் ஓர் உபாயம் உண்டு. இறைப்பை நிறுத்திவிட்டுக் கயிறு விட்டுப் பாருங்கள். அதே கிணற்றில் அரை மணியில் ஓர் அடி ஏறினால், அப்போது மணிக்கு ஏறக்குறைய 17,800 லிட்டர் வேகத்தில் ஊறுகிறது. மட்டம் ஏற ஏற அந்த வேகம் குறையும். ஆகையால் ஒவ்வோர் அரை மணி அளவையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் சித்திரை மாதத்தில் செய்வது உத்தமம்.