புகையைப் பார்த்தால் பழுது தெரியும்

யுத்தத்தில் கணவரை இழந்து கம்பளைக்கு வந்த எனக்கு இரண்டு சில்லு உழவு இயந்திரம்தான் சோறு போடுகிறது. பெரும்போக உழவில் ஒருநாள் அது இயங்கவில்லை. மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டால் அன்றைய உழைப்பு போய்விடும். கைப்பிடியைச் சுழற்றினேன், புகையே இல்லை. அப்படியென்றால் எஞ்சினுக்கு டீசல் போகவில்லை. முதல்நாள் டாங்கி வற்றும்வரை உழுததால் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. டீசல் நிரப்பி, வடிகட்டியின் காற்று ஆணியைத் தளர்த்தினேன். குமிழி நின்றதும் இறுக்கிச் சுழற்றினேன், இயங்கியது!

கறுப்புப் புகையா? காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சுமையும் கூடியிருக்கலாம். நீலப் புகையென்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பாஸிடம் காட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய் ஒழுகினால் விரல் வைக்காதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலையே துளைக்கும். டாங்கியை வற்றவும் விடாதீர்கள்.