பனை யாருடையது, நிழல் யாருடையது?

கொழும்பின் புதிய உணவகங்கள் பலவற்றில் மாலை ஐந்து மணி தொடக்கம் ஏழு மணி வரை ‘ஹப்பி ஹவர்’. அந்த நேரத்தில் மதுவும் சிற்றுணவும் குறைந்த விலையில் கிடைக்கும். அண்மையில் நண்பர் ஒருவர் என்னை அப்படியொரு இடத்துக்கு அழைத்துச் சென்றார். மெனு அட்டையில் ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஊர்ப்பெயர். கீரைக்கு நுவரெலியா, கொக்டெயிலில் கலந்த பனங்கட்டிக்கு யாழ்ப்பாணம். ‘பண்ணையிலிருந்து மேசைக்கு’ என்று மேலே எழுதியிருந்தது.

இந்த வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் அலிஸ் வோட்டர்ஸ் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகத்தை இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். உணவு எந்த மண்ணில் விளைந்தது, யார் விளைவித்தார் என்பதைச் சாப்பிடுபவர் அறிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நல்ல கொள்கைதான். ஆனால், வடக்கைப் பற்றி அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டால், பதில் ஊர்ப்பெயரோடு முடியாது.

பனங்கட்டியையே எடுத்துக்கொள்வோம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாவிட்டால் சில மணித்தியாலங்களில் புளித்துக் கள்ளாகிவிடும். எதுவானாலும் சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்க வேண்டும். கொழும்பில் விலை குறைகின்ற அந்த மாலை நேரத்தில் அவர் பனை வட்டுக்குள் இருப்பார். பனையால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மரங்களும் முன்புபோல் இல்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டவை ஏராளம். பனை பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருடம் எடுக்கும். 2009 க்குப் பிறகு நட்ட விதைகள் இப்போதுதான் அந்த வயதுக்கு வருகின்றன.

பண்ணைக்கும் மேசைக்கும் இடையிலான தூரம் மிகக் குறைந்த இடம் எங்கள் ஊர்த் தவறணைதான். பக்கத்துப் பனையில் இறக்கிய கள், கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாக அன்றைக்கே வந்துவிடும். பிளாவில் குடித்த காலமும் இருந்தது. அதை யாரும் நாகரிகமென்று சொல்லவில்லை. மரம் ஏறியவரைச் சாதி சொல்லி முற்றத்தில் நிறுத்திய சமூகம், அதே பனையின் சாறு கண்ணாடிக் குவளையில் வரும்போது பெருமைப்படுகிறது. (குடியை நான் புகழவில்லை. வன்னியில் பெண்கள் மதுபானசாலைகளுக்கு எதிராக ஏன் வீதிக்கு இறங்குகிறார்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.)

அடுத்தது மண். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் விடுதியின் பெயர் ‘தல்செவன’. சிங்களத்தில் அதற்குப் பனை நிழல் என்று பொருள். வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்தபின் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டபோது, அந்த மண்ணுக்குரியவர்கள் பலர் இன்னமும் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். 2015 க்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன; எல்லாம் அல்ல.

அந்தச் செம்மண் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பெயர்போனது. அங்கே படையினர் மரக்கறி பயிரிட்டார்கள், விளைச்சல் சந்தைக்கும் வந்தது. தன் தோட்டத்தை முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர், வேறொருவரின் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு, அதே சந்தைக்குக் கொண்டுவந்தார். குத்தகையும் கூலியும் இல்லாத விளைச்சலோடு அவர் எப்படி விலை பேசுவது? ஏ9 வீதியில் படையினர் நடத்திய தேநீர்க்கடைகளுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

இப்போது யாழ்ப்பாணத்திலும் இத்தகைய உணவகங்களைத் திறக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்களின் பணமும் வருகிறது. வரட்டும், இளையவர்களுக்கு வேலை கிடைக்கும். ஆனால், ஊர்ப்பெயரை விற்பவர்கள் பனங்கட்டியை இடைத்தரகரிடம் வாங்காமல் சங்கத்திடமே வாங்கலாம். ஒரு கொக்டெயிலின் விலையில் சிறு பங்கை மரம் ஏறுபவரின் காப்புறுதிக்கு ஒதுக்கலாம். மரக்கறி எந்தக் காணியில் விளைந்தது, அதன் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் விசாரிக்கலாம். வலிகாமம் வடக்கில் அந்த உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.